வில்லோ வெளியூர் மரம் மட்டும்தானா? நம் ஆற்றங்கரையின் 'ஆற்றுப்பாலை' பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

வில்லோ மரம் என்று சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஹாரி பாட்டர் கதையில் கிட்ட வருகிறவர்களை எல்லாம் அடித்துத் துரத்துமே, அந்த மரமா? கிரிக்கெட் மட்டையா? ஏரிக்கரையில் கிளைகளைத் தண்ணீர் வரைக்கும் தொங்கவிட்டு நிற்கும் மரமா?

எதுவாக இருந்தாலும் சரி, "அதெல்லாம் குளிர் நாட்டு மரம், நம்ம ஊருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றுதான் பெரும்பாலும் நினைப்போம். அது பாதிதான் உண்மை. வில்லோ இனத்தில் சுமார் 400 வகைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வடக்கே, குளிர் பிரதேசங்களில் வளர்பவை. ஆனால், வெப்ப நாட்டு ஆற்றங்கரைகளையே தாய்வீடாகக் கொண்ட சில வகைகளும் உண்டு. அவற்றில் ஒன்றுக்குத் தமிழில் பெயரே இருக்கிறது: ஆற்றுப்பாலை. இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கி, பர்மா, தாய்லாந்து, மலாயா தீபகற்பம், சுமத்ரா, ஜாவா என்று இதன் இயற்கையான எல்லை நீள்கிறது.

பேராக்கில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு இந்த மரத்தைப் பற்றி ஏன் தெரிந்திருக்க வேண்டும்? பார்ப்போம்.

இது என்ன மரம்?

தாவரவியலில் இதன் பெயர் சாலிக்ஸ் டெட்ராஸ்பெர்மா. 'சாலிக்ஸ்' என்பது வில்லோ இனத்துக்கான லத்தீன் பெயர். 'டெட்ராஸ்பெர்மா' என்றால் நான்கு விதை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கு இந்தப் பெயரை வைத்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக மதராஸ் பக்கம் வந்து, சோழமண்டலக் கரையின் செடிகொடிகளைப் பதிவு செய்த ஸ்காட்லாந்துக்காரர் இவர். 1793 முதல் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பையும் ஏற்றார். சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றி அவர் வெளியிட்ட படநூலில் இந்த மரமும் இடம்பெற்றது. அந்த நூலின் படங்களை வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள்.

தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் இன்றும் இதைக் காணலாம். மலையாளத்தில் இது ஆற்றுபாலா.

பெயரில் 'பாலை' இருக்கிறது, மரத்தில் பால் இருக்கிறதா?

இல்லை. இங்கேதான் பேராக்காரர்களுக்கு ஒரு சுவாரசியம்.

நம் ஊரின் கதையே பால் வடியும் மரங்களின் கதைதான். ஈப்போ நகரத்துக்குப் பெயர் தந்தது ஈப்போ மரம். அதன் பாலில் இருக்கும் நஞ்சைத்தான் பழங்குடியினர் வேட்டை அம்புகளில் தடவினார்கள். ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே அந்த மரம் ஒன்று இன்றும் நிற்கிறது. கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று பெரிய மரமாக இன்னும் உயிரோடு இருக்கிறது. நம் தாத்தா பாட்டிகளை விடியற்காலையில் எழுப்பியது அந்த மரத்தின் பால்தான். சாலையோரங்களில் நாம் பார்க்கும் பூலாய் மரம் தமிழில் ஏழிலைப்பாலை. அதன் இலையைக் கிள்ளினாலும் பால் வரும்.

ஆற்றுப்பாலையின் இலையைக் கிள்ளிப் பாருங்கள், பால் வராது. வில்லோ குடும்பத்து மரங்களில் பால் இல்லை. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆனால் அடையாளம் காண்பதற்கு இந்த விவரம் ரொம்ப உதவும்.

சங்க காலத்து 'வஞ்சி' இதுதானா?

பள்ளியில் தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு 'வஞ்சி' என்ற சொல் தெரிந்திருக்கும். பகைவர் நாட்டின் மீது படையெடுத்துப் போகும் திணைக்கு அந்தப் பெயர். சேரர் தலைநகரின் பெயரும் அதுதான். குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் வஞ்சியும் ஒன்று.

அந்த வஞ்சி எந்தச் செடி? ஆற்றுப்பாலைதான் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். கன்னடத்தில் இந்த மரத்தை 'நீரவஞ்சி' என்று அழைப்பது அவர்களுக்குச் சாதகமான ஒரு குறிப்பு. இல்லை, அது ஒரு கொடி என்றும், பிரம்பு என்றும் வேறு சிலர் சொல்கிறார்கள். விவாதம் முடியவில்லை. ஆகவே, 'இதுதான் சங்க இலக்கிய வஞ்சி' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அடித்துச் சொன்னால், 'அப்படியும் ஒரு கருத்து இருக்கு' என்று சொல்லிவையுங்கள்.

எப்படி அடையாளம் காண்பது?

ஆற்றங்கரையிலோ குளத்தோரத்திலோ சந்தேகத்துக்குரிய ஒரு மரத்தைப் பார்த்தால் இந்த ஐந்தையும் கவனியுங்கள்.

ஒன்று, இலை. நீளமாக, ஈட்டி முனைபோல, சுமார் 8 முதல் 15 சென்டிமீட்டர் வரை இருக்கும். மேல்பக்கம் பச்சை. புரட்டினால் அடிப்பக்கம் வெளிறி, வெள்ளை பூசியதுபோல் தெரியும். காற்றடிக்கும்போது மரம் பளபளப்பதற்கு இதுதான் காரணம். இலை ஓரத்தில் நுண்ணிய பற்கள் இருக்கும்.

இரண்டு, பட்டை. முதிர்ந்த மரத்தின் பட்டை கரடுமுரடாக, நீளவாக்கில் ஆழமாக வெடித்திருக்கும்.

மூன்று, பூ. இதழ்கள் கிடையாது. பூனை வால்போல மெல்லிய கதிர்களாகப் பூக்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தின் கதிர் மஞ்சள் நிறத்தில் இருக்கும். நல்ல வாசனை வரும்.

நான்கு, விதை. காய் வெடித்ததும் பஞ்சு கட்டிய சின்னஞ்சிறு விதைகள் காற்றில் பறக்கும்.

ஐந்து, கிளை. கிளைகள் தரைவரை தொங்கினால் அது ஆற்றுப்பாலை இல்லை.

அப்படியானால் பூங்காக்களில் தொங்குகிற மரம் எது? அது 'அழும் வில்லோ' என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் சீன நாட்டு வகையாக இருக்கலாம். அதன் அறிவியல் பெயரில் 'பாபிலோனிக்கா' என்று இருக்கும். பைபிளில் வரும் பாபிலோன் ஆற்றங்கரை மரம் இதுதான் என்று நினைத்து லின்னேயஸ் வைத்த பெயர் அது. உண்மையில் மரம் சீனாவைச் சேர்ந்தது. பெயர் மட்டும் தவறிப்போய்விட்டது.

இன்னும் இரண்டு மரங்கள் உங்களைக் குழப்பலாம். கிளைகள் தொங்கி, பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி சிவப்புப் பூ பூத்தால் அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பாட்டில் பிரஷ் மரம். இலை வில்லோ மாதிரியே நீளமாக, ஆனால் தோல்போலத் தடித்திருந்து, கொத்தாக இளஞ்சிவப்புப் பூ பூத்தால் அது அரளி. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. கிள்ளிப் பார்க்கும் சோதனையை அதில் செய்ய வேண்டாம்.

வெள்ளம் வந்தால் இந்த மரம் என்ன செய்கிறது?

ஆற்றங்கரையில் வாழ்வது சுலபமில்லை. மழைக்காலத்தில் நாள்கணக்கில் வேர் மூழ்கிக் கிடக்கும். நீரில் மூழ்கிய மண்ணில் காற்று இருக்காது. சாதாரண மரத்தின் வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். வில்லோக்கள் இதற்குத் தயாராக இருக்கின்றன. தண்ணீர் ஏறினால் மூழ்கிய தண்டிலிருந்தே புது வேர் விடும். வேருக்குள் இருக்கும் காற்றறைகள் மேலிருந்து ஆக்சிஜனைக் கீழே கொண்டுபோகும்.

சின்னக் கிளைகள் வளையும், சில நேரம் ஒடிந்தும் போகும். ஒடிந்தால் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் குச்சி மிதந்து போய் ஈரமான சேற்றில் ஒதுங்கினால் அங்கேயே வேர் பிடித்துவிடும். நம் வீட்டில் முருங்கைக் கிளையை வெட்டி நட்டால் துளிர்க்கிறதே, அதே மாதிரிதான்.

இதனால்தான் பல நாடுகளில் கரை அரிப்பைத் தடுக்க வில்லோ குச்சிகளைக் கரையில் வரிசையாக ஊன்றுகிறார்கள். வேர் வலைபோலப் பின்னி மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. தண்டுகள் ஓடுகிற தண்ணீரின் வேகத்தைக் குறைக்கின்றன. தண்ணீரில் வரும் வண்டல் அங்கேயே படிகிறது.

ஆனால் விதையிலிருந்து முளைப்பதற்கு மட்டும் ஒரு நிபந்தனை இருக்கிறது. வில்லோ விதைக்கு ஆயுள் மிகக் குறைவு. சில நாள்கள், அதிகம் போனால் சில வாரங்கள். அதற்குள் வெயில் படுகிற, புல் மூடாத, ஈரமான புது மண்ணில் விழ வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றங்கரையில் கிடைக்கும் மண் அது. கரையை இரண்டு பக்கமும் கான்கிரீட் போட்டு மூடிவிட்டால், அந்த மண் கிடைக்காது. நிற்கும் மரத்தை யாரும் வெட்டாவிட்டாலும் அடுத்த தலைமுறை முளைக்காது.

ருக்காம் பழத்துக்கும் வில்லோவுக்கும் என்ன உறவு?

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களிடம் ருக்காம் பழத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பழத்தைப் பறித்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நன்றாக உருட்டி, துவர்ப்பைக் குறைத்துவிட்டுச் சாப்பிட்ட கதையைச் சொல்வார்கள்.

ருக்காமையும் அதன் உறவான கெர்க்குப்பையும் தாவரவியலாளர்கள் நீண்ட காலம் வேறொரு குடும்பத்தில் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு, இந்த இனத்தை வில்லோ குடும்பத்தில் சேர்த்தார்கள். அதாவது, தோட்டத்துப் பிள்ளைகள் பறித்துத் தின்ற ருக்காம், வில்லோவுக்குச் சொந்தக்காரன்.

இதற்கு ஒரு சாட்சியும் இருக்கிறது. 'லெப்பர்ட்' என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் ஒரு வண்ணத்துப்பூச்சி நம் பகுதியில் உண்டு. ஆரஞ்சு நிறச் சிறகில் கறுப்புப் புள்ளிகள். அதன் புழுக்கள் ருக்காம் இனத்து இலைகளையும் தின்னும், வில்லோ இலைகளையும் தின்னும். ஆய்வுக்கூடம் உறுதி செய்வதற்கு முன்பே அந்தப் பூச்சிக்கு உறவு தெரிந்திருக்கிறது. ஆற்றங்கரையில் ஒரு மரம் போனால் அதோடு யாருடைய சாப்பாடு போகிறது என்பதற்கும் இது ஒரு எடுத்துக்காட்டு.

காய்ச்சலுக்கு இதன் பட்டையைக் காய்ச்சிக் குடிக்கலாமா?

வேண்டாம். காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வில்லோ பட்டைக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பு உண்மையானது. 1763-இல் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், வில்லோ பட்டைத் தூள் காய்ச்சலைத் தணிப்பதாக லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1828-இல் ஜெர்மனியில் ஜோஹன் புக்னர் பட்டையிலிருந்து ஒரு கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்து, 'சாலிக்ஸ்' என்ற பெயரிலிருந்தே அதற்கு சாலிசின் என்று பெயரிட்டார். 1897-இல் பேயர் நிறுவனத்தில் பெலிக்ஸ் ஹாப்மன் அதோடு தொடர்புடைய ஒரு சேர்மத்தைத் தூய வடிவில் தயாரித்தார். 1899-இல் அது 'ஆஸ்பிரின்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. ஆற்றுப்பாலையின் பட்டையும் இந்தியாவில் நாட்டு வைத்தியத்தில் காய்ச்சலுக்குப் பயன்பட்டிருக்கிறது.

ஆனால் நாம் இருப்பது டிங்கி பரவும் நாட்டில். டிங்கியில் இரத்தத் தட்டணுக்கள் குறையும். இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து உண்டு. ஆஸ்பிரின் வகை மருந்துகள் அந்த ஆபத்தை அதிகமாக்கும். அதனால்தான் டிங்கி சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரினையும் ஐபுப்ரோபெனையும் தவிர்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கும் ஆஸ்பிரின் கொடுப்பதில்லை. பட்டைக் கஷாயத்தில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளக்கவும் முடியாது. காய்ச்சல் என்றால் கிளினிக்குக்குப் போங்கள். மரத்தின் பட்டை மரத்திலேயே இருக்கட்டும்.

பேராக்கின் ஆற்றங்கரைகளுக்கு என்ன ஆனது?

பேராக் ஆறு தீபகற்பத்தின் இரண்டாவது நீளமான ஆறு. கிந்தா ஆறு உலு கிந்தா மலைகளில் பிறந்து, ஈப்போவுக்குள் ஓடி, கடைசியில் பேராக் ஆற்றில் கலக்கிறது. இந்தக் கரைகள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து மாறிவந்திருக்கின்றன.

முதலில் ஈயம். கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க மண்ணைத் தோண்டிக் கழுவினார்கள். கழுவிய மணலும் சேறும் ஆறுகளில் இறங்கின. பத்து காஜாவுக்கு அருகே தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ராட்சத ஈயக்கப்பலைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை வேலை செய்தது. 1985-இல் ஈய விலை சரிந்தபோது தொழிலும் சரிந்தது. மிச்சம் இருப்பவை ஈய லம்பக் குட்டைகளும் மணல் மேடுகளும்.

அடுத்து ரப்பர். காட்டை அழித்துப் பல இடங்களில் ஓடையின் விளிம்புவரை கன்று நட்டார்கள். தண்ணீர் வடிய அல்லூர் வெட்டினார்கள். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆற்றில் குளித்து, துணி துவைத்து, மீன் பிடித்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று புந்தோங்கிலும் மற்ற நகர்ப்புறங்களிலும் இருக்கிறார்கள். அங்கே ஆறு என்றால் பலருக்கும் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கான்கிரீட் கால்வாய்தான்.

காலியான ஈரநிலத்தை இயற்கை சும்மா விடாது. பத்து காஜா பக்கத்து ஈயக் குட்டைகள் சில, கொக்குகளும் நாரைகளும் கூட்டமாகக் கூடு கட்டும் இடமாகிவிட்டன. அங்கேதான் கிந்தா இயற்கைப் பூங்கா இருக்கிறது. ஆனால் காலியான இடத்தை அந்நியச் செடிகளும் பிடித்துக்கொள்கின்றன. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை குட்டையை மூடுகிறது. அமெரிக்க வெப்பப் பகுதிகளிலிருந்து வந்த ராட்சதத் தொட்டாற்சுருங்கி கரையில் முள்புதராகப் படர்ந்து வேறெதையும் முளைக்க விடுவதில்லை.

ஆற்றுப்பாலை உலக அளவில் அழிவின் விளிம்பில் நிற்கும் மரம் இல்லை. அதன் எல்லை மிகப் பெரியது. பிரச்சினை மரத்தின் எண்ணிக்கை இல்லை, அது நிற்பதற்கான இடம். மூழ்கியும் காய்ந்தும் கிடக்கும் அந்த ஒடுங்கிய கரைப்பட்டைதான் ஒவ்வொரு ஊரிலும் முதலில் காணாமல் போகிறது.

ஆற்றோர நிலத்துக்கு விதி இருக்கிறதா?

இருக்கிறது. வடிகால் நீர்ப்பாசனத் துறையான ஜே.பி.எஸ். ஆற்று ஒதுக்கு நிலத்துக்கு வழிகாட்டி அளவுகளை வைத்திருக்கிறது. ஆற்றின் அகலத்தைப் பொறுத்து, ஒவ்வொரு கரையிலும் விட வேண்டிய இடம் இது:

5 மீட்டருக்கும் குறைவான ஓடை என்றால் 5 மீட்டர்.
5 முதல் 10 மீட்டர் என்றால் 10 மீட்டர்.
10 முதல் 20 மீட்டர் என்றால் 20 மீட்டர்.
20 முதல் 40 மீட்டர் என்றால் 40 மீட்டர்.
40 மீட்டருக்கு மேல் என்றால் 50 மீட்டர்.

செம்பனைத் தோட்டங்களுக்கு 2020 முதல் கட்டாயமாக்கப்பட்ட எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழும் ஆற்றோரக் காப்புப் பகுதியை வலியுறுத்துகிறது. ஆக, பெரிய ஆற்றின் ஓரத்தில் 50 மீட்டர் என்பது யாரோ சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் கேட்கும் சலுகை இல்லை. அரசாங்கத்தின் சொந்த அளவுகோல். அந்த இடத்தில் மரம் இருந்தால் மழைநீர் மெதுவாக இறங்கும், கரை நிற்கும். இல்லாவிட்டால் திடீர் வெள்ளத்தில் கரை கரைந்து, அந்த மண் ஆற்றின் அடியிலேயே சேரும். ஆறு ஆழம் குறைந்தால் அடுத்த மழைக்குத் தண்ணீர் யார் வீட்டுக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, ஒரு வில்லோ கன்று வாங்கி நட்டுவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். எந்த வில்லோ என்பதுதான் கேள்வி. கரை அரிப்பைத் தடுக்க ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு வில்லோக்களைக் கொண்டுவந்து நட்டார்கள். அவற்றில் பல வகைகள் ஆறுகளையே அடைத்துக்கொண்டு பரவின. 1999-இல் அந்நாடு பெரும்பாலான வில்லோக்களைத் தேசிய அளவில் ஆபத்தான களைகளின் பட்டியலில் சேர்த்தது. ஒடிந்த குச்சியே வேர்விடும் என்று மேலே பார்த்தோமே, சொந்த ஊரில் அது பலம். அந்நிய மண்ணில் அதுவே தொல்லை.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியவை இவை.

முதலில், பாருங்கள். உங்கள் வீட்டுக்கு அருகில் ஓடும் ஆறு எது என்று வரைபடத்தில் தேடுங்கள். பலருக்குத் தினமும் கடக்கும் பாலத்தின் கீழ் ஓடும் ஆற்றின் பெயரே தெரியாது. கரையில் நிற்கும் மரங்களின் இலை, பட்டை, பூ, மூன்றையும் படம் எடுங்கள். இலையை மட்டும் படம் எடுத்தால் கைப்பேசிச் செயலிகள் எளிதில் தவறாகச் சொல்லும்.

இரண்டாவது, அளந்து பாருங்கள். கரையிலிருந்து முதல் வேலி அல்லது கட்டடம் எத்தனை அடி தள்ளி இருக்கிறது? மேலே உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, கேளுங்கள். பள்ளி மன்றமோ குடியிருப்பாளர் சங்கமோ ஆற்றோரம் மரம் நடத் திட்டமிட்டால், முதலில் மாவட்ட ஜே.பி.எஸ். அலுவலகத்தின் அனுமதி வேண்டும். எந்த மரம் என்று கேட்டு, உள்நாட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள். பூங்காவில் அழகாகத் தொங்குகிறதே என்று கிளையை ஒடித்துக்கொண்டு வந்து ஆற்றில் ஊன்ற வேண்டாம்.

நான்காவது, வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள். "தோட்டத்துல இருந்தப்போ ஆத்தோரம் என்ன மரம் தாத்தா இருந்துச்சு?" என்று ஒரு கேள்வி போதும். பெயர் தெரியாவிட்டாலும், இலை எப்படி இருந்தது, பஞ்சு பறந்ததா, எங்கே நின்றது என்று சொல்வார்கள். பல தோட்டங்களின் ஆற்றங்கரை இன்று அவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதிவைக்க உங்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?